ஸ்டாண்டு, கல், இடது செருப்பு

கே: வண்டி விஷயத்தில் மறதி அதிகம். செல்போனில் அலாரம் வைத்தால் போதாதா? (கல்லூரி மாணவர், சேலம்)
ப: போதாது. அலாரம் அடிக்கும்போது நீங்கள் வேறெங்காவது இருப்பீர்கள். மறக்கிற இடத்திலேயே, கையைத் தடுக்கிற மாதிரி ஒரு பொருள் இருக்க வேண்டும்.

கே: சைடு ஸ்டாண்டை எடுக்காமலே கிளம்பிவிடுகிறேன். என்ன செய்யலாம்? (வாசகி, மதுரை)
ப: நம் ஊரில் இதற்கு அருமையான ஏற்பாடு ஏற்கெனவே உண்டு. சிக்னலில் பின்னால் நிற்பவர், டீக்கடை மாஸ்டர், எதிரே வரும் பஸ்ஸின் ஜன்னலோரப் பாட்டி என்று முன்பின் தெரியாத அத்தனை பேரும் “அக்கா, ஸ்டாண்டு!” என்று கத்துவார்கள். ஒருவர்கூடக் காசு கேட்க மாட்டார். இந்த மண்ணின் மேல் எனக்குள்ள பாசத்துக்குப் பாதிக் காரணம் இதுதான். ஆனால் விடிகாலை பைபாஸில் கத்த ஆள் கிடையாது. இடது பக்கம் வளைகையில் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டாண்டு தரையில் தட்டி ஆளையே கவிழ்த்துவிடும். ஸ்டாண்டு போட்டிருந்தால் இன்ஜின் ஓடாதபடி சுவிட்ச் வைத்த வண்டிகள் நிறைய வந்துவிட்டன. அடுத்த வண்டியை அப்படிக் கேட்டு வாங்குங்கள். அதுவரை, ஸ்டாண்டு போட்டதும் இடது கைப்பிடியையும் லீவரையும் சேர்த்து ஒரு சிவப்புத் துணி வளையத்தை மாட்டிவிடுங்கள். அதைக் கழற்றும்போதே கால் ஸ்டாண்டைத் தேடும்.

கே: பட்டப்பகலில் “லைட் எரியுது” என்று எல்லாரும் கை காட்டுகிறார்கள். என் பைக்கில் அணைக்க சுவிட்சே இல்லையே? (ஈரோடு)
ப: 2017 ஏப்ரல் 1 முதல் புது இருசக்கர வண்டிகளில் விளக்கு தானாகவே எரிய வேண்டும் என்பது விதி. கை காட்டுபவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போங்கள்.

கே: எங்கள் டிரைவர்களுக்கு ஒரு யோசனை சொல்லுங்கள். (லாரி உரிமையாளர், நாமக்கல்)
ப: வாருங்கள் ஐயா, உங்களைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்! லாரி நடுவழியில் நின்றால் டயருக்குக் கல்லை அண்டை கொடுக்கிறார்கள். ரிப்பேர் முடிந்ததும் லாரி போய்விடுகிறது, கல் சாலையிலேயே கிடக்கிறது. ராத்திரி பைக்கில் வருகிறவருக்கு அந்தக் கல்தான் எமன். இந்தப் பகுதியில் இதைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறாது. கல்லே வேண்டாம். முக்கோணமாகச் சீவிய இரண்டு மரக்கட்டைகளை வண்டியிலேயே வையுங்கள். கட்டையில் நீளமான கயிறு கட்டி, மறுமுனையை டிரைவர் பக்கக் கதவின் கைப்பிடியில் முடியச் சொல்லுங்கள். கயிற்றை அவிழ்க்காமல் கதவு திறக்கக் கூடாது. கட்டையும் மிஞ்சும், ஓர் உயிரும் மிஞ்சும்.

கே: டீசல் காரில் பெட்ரோல் போட்டுவிட்டால்? (கோவை)
ப: சாவியைத் திருப்பாதீர்கள். ஸ்டார்ட் செய்யாமல் தள்ளி ஓரங்கட்டி, டேங்கைக் காலி செய்ய மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். டீசல் குழாயின் மூக்கு பெரியது, பெட்ரோல் காரில் பெரும்பாலும் நுழையாது. பெட்ரோல் மூக்கோ டீசல் டேங்கில் சுகமாக நுழைந்துவிடும். டேங்க் மூடியின் மேல் கொட்டை எழுத்தில் ‘டீசல்’ என்று ஒட்டுங்கள். பங்க் ஊழியரின் கண்ணுக்குப் படுவது அந்த இடம்தான்.

கே: டேங்க் எந்தப் பக்கம் என்பதே மறந்துவிடுகிறது. (தஞ்சாவூர்)
ப: பெட்ரோல் முள்ளுக்குப் பக்கத்தில் குட்டி அம்புக்குறி இருக்கிறதா பாருங்கள்; அது காட்டும் பக்கம்தான் டேங்க். 1986-இல் ஃபோர்டு கம்பெனியின் ஜிம் மொய்லன் சொன்ன யோசனை அது.

கே: குழந்தையைக் காரிலேயே மறந்துபோன செய்திகளைப் படித்தால், பெற்றவர்களால் எப்படி முடிகிறது என்று கோபம் வருகிறது. (இளம் தாய், சென்னை)
ப: கோபப்படாதீர்கள் அம்மா, அன்புள்ளவர்களுக்கும் இது நடக்கிறது. தினமும் போகிற வழியில் பழக்கமே வண்டியை ஓட்டும். ‘இன்று குழந்தையைக் காப்பகத்தில் விட வேண்டும்’ என்ற புது வேலை அதில் அமுங்கிவிடும். தென் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் டேவிட் டயமண்ட் பல ஆண்டுகளாக இதைத்தான் விளக்கி வருகிறார். குழந்தை தூங்கிவிட்டால் நினைவூட்டச் சத்தமும் இல்லை. வெயிலில் நிற்கும் காருக்குள் பத்து நிமிடத்திலேயே சூடு சுமார் 10 டிகிரி ஏறும். ஜன்னலைக் கொஞ்சம் இறக்கினாலும் பெரிய பயனில்லை. ஆகவே குழந்தையை உட்கார வைத்ததும் உங்கள் கைப்பையையோ, ஆபீஸ் அடையாள அட்டையையோ பின் சீட்டில் அதன் காலடியில் வையுங்கள். ஓட்டுவதற்கு இடைஞ்சல் இல்லையென்றால் இடது செருப்பையும் வைக்கலாம். ஒற்றைச் செருப்போடு யாரும் ஆபீஸ் படி ஏற மாட்டார்கள். இன்றைக்கே உங்கள் வீட்டுக்காரரிடமும் சொல்லுங்கள்.

கே: ஸ்கூட்டர் சாவியைச் சீட்டுக்கடியில் வைத்து மூடிவிட்டேன்! (திருச்சி)
ப: மாற்றுச் சாவி வீட்டில் இருந்தால் ஆட்டோ பிடியுங்கள். அதுவும் அதே சீட்டுக்கடியில்தான் என்றால், பூட்டுக்காரரைக் கூப்பிடுங்கள்.