மீனுக்கு 'டி' வகுப்பு

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆற்றுத் தண்ணீரை 'ஏ' முதல் 'இ' வரை ஐந்து வகுப்பாகப் பிரித்திருக்கிறது. கிருமிநீக்கம் மட்டும் செய்து குடிக்கலாம் என்றால் 'ஏ'. குளிக்க 'பி'. மீன் வாழ 'டி'. குளிக்கிற தண்ணீரில் 100 மில்லிக்கு 500 கோலிஃபார்ம்தான் உச்சவரம்பு. மீன் வகுப்புக்கு அப்படி வரம்பே கிடையாது. மனுநீதி நாளில் மீன் வந்து வரிசையில் நிற்காது என்ற தைரியம்தான்.

பொதிகையில் முதல் வகுப்புப் பயணியாகப் புறப்படுகிற தாமிரபரணி, பாபநாசத்தில் நம் பாவத்தோடு வேட்டி சேலையையும் வாங்கிக்கொள்கிறாள். திருநெல்வேலியில் சாக்கடை ஏறிக்கொள்கிறது, டிக்கெட் இல்லாமல். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் கடைசி நிறுத்தம். அப்புறம் புன்னக்காயல் கழிமுகம்.

அங்கே ஆய்வு செய்வதில் ஒரு சௌகரியம் உண்டு. ஓதம் ஏறும்போது பாட்டிலை முக்கினால் மன்னார் வளைகுடா கிடைக்கும். வடியும்போது முக்கினால் திருநெல்வேலி மாநகரம். ஆக, கழிமுகத்தின் ஆரோக்கியத்தில் பாதி, பாட்டில் பிடிப்பவர் டீ குடித்துவிட்டு வருகிற நேரத்தில் இருக்கிறது. உப்பும் ஆக்சிஜனும் மணிக்கு மணி மாறுகிற இடத்தில் எப்போதாவது ஒரு பாட்டில் எடுப்பது, கல்யாண வீட்டில் பந்திக்கு முன்னால் எட்டிப் பார்த்துவிட்டுச் சாப்பாடு பிரமாதம் என்று சொல்வதுதான்.

பாண்டியர் காலத்தில் இதே ஆற்றின் கழிமுகத்தில் கொற்கை கடற்கரைத் துறைமுகம். ஆறு கொட்டிய வண்டலில் கடல் சில கிலோமீட்டர் கிழக்கே போய்விட்டது. அண்ணாச்சி, அப்போது கொட்டியது வெறும் மண்!