பத்தில் ஒன்று படுத்தும் பாடு

கேள்வி: பைதானில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வருகிறதே! எம்பிஎஃப்ஆர் நூலகத்தை நிறுவினால் சரியாகிவிடுமா?

பதில்: மூன்றில் ஒரு பங்கை எழுதினால் 0.333 என்று நமக்கு முடியாமல் நீள்கிறதல்லவா? 0, 1 இரண்டை மட்டுமே அறிந்த கணினிக்குப் பத்தில் ஒரு பங்கும் அப்படித்தான். அதனால் 53 பிட்டுக்குள் அடக்கிவிடுகிறது. எம்பிஎஃப்ஆரில் எத்தனை பிட் என்பதை நீங்களே சொல்லலாம். பிழை போகாது, கண்ணுக்கெட்டாத தூரத்துக்குத் தள்ளிப்போகும்.

எம்பிஎஃப்ஆரின் அஸ்திவாரம் ஜிஎம்பி என்ற இன்னொரு நூலகம். மூலநிரலிலிருந்து நிறுவுவதானால் அதைத்தான் முதலில் போட வேண்டும். 'மேக்' கட்டளை முடிந்ததும், எல்லாம் சரியா என்று சோதிக்கும் 'மேக் செக்' கொடுக்காமல் எழுந்துவிடாதீர்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறாவது பதம் பார்க்க வேண்டாமா?

பைதான்காரர்களுக்கு, துல்லியத்தை இதேபோல் கூட்டித்தரும் எம்பிமேத் நூலகம் இன்னும் எளிது. 'பிப்' கட்டளை ஒன்றே போதும். ஆனால் துல்லியத்தை 50 இலக்கமாக்கிவிட்டு, மேற்கோள் குறியின்றி 0.1 என்று கொடுத்தால், 0.1000000000000000055 என்று பழைய பிழையே வந்து நிற்கும். விதைத்ததுதானே முளைக்கும்! '0.1' என்று மேற்கோளுக்குள் கொடுங்கள்.

ரூபாய், காசுக் கணக்குதான் என்றால் இவ்வளவும் வேண்டாம். பைதானோடு வரும் 'டெசிமல்' தொகுதியே போதும்.