மேய்ச்சலைப் பார்த்து ஆடு வாங்குங்கள்

தாராபுரம் பக்கம் கொஞ்சம் மானாவாரி நிலம் இருக்கிறது. கறிக்காகச் செம்மறி வளர்க்க ஆசை. எந்த இனம் வாங்கலாம்?

கொறங்காட்டுச் சீமையில் இருந்துகொண்டு வேறு எதைத் தேடப்போகிறீர்கள்? மேச்சேரிதான். கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் இருந்தால் போதும். கோடையில் புல் காய்ந்தாலும் வெள்வேலங்காய் உதிரும். அதைப் பொறுக்கித் தின்றே அந்த ஆடு உடம்பைக் காப்பாற்றிக்கொள்ளும். கரிசல் காட்டுக்காரர் கேட்டிருந்தால் வேம்பூர் ஆட்டைச் சொல்லியிருப்பேன். பத்துப் பெட்டை, ஒரு கிடாவோடு தொடங்குங்கள்.

டார்ப்பர் கிடா சேர்த்தால் குட்டி மளமளவென்று எடை ஏறுமாமே?

ஏறும், தீவனம் தாராளமாக இருந்தால். 1930களில் தென்னாப்பிரிக்காவில் டார்செட் ஹார்னையும் கருந்தலைப் பாரசீக ஆட்டையும் கலந்து உருவாக்கிய நல்ல கறி இனம் அது. ஆனால் கிடாவை இனவிருத்தி விலைக்கு வாங்கிவிட்டு, குட்டியைக் கறி விலைக்கு விற்றால் போட்ட காசு எப்போது திரும்பும்? அந்தப் பணத்தில் நல்ல மேச்சேரிப் பெட்டைகளாக வாங்குங்கள்.

மழை பெய்து புல் துளிர்த்ததும், கொழுத்த குட்டியாகப் பார்த்துச் சாகிறது. கண்ணேறு என்கிறார் மாமியார்.

மாமியார் கவனித்தது சரி, காரணம்தான் வேறு. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் துள்ளுமாரி போலிருக்கிறது. ஆட்டின் குடலில் எப்போதும் இருக்கிற ஒரு கிருமி, இளம்புல்லை வயிறு முட்டத் தின்றதும் பெருகி நஞ்சைக் கக்குகிறது. அதிகம் தின்கிற குட்டிதான் கொழுத்த குட்டி. அதனால் அதுதான் முதலில் போகும். சாயங்காலம் துள்ளி விளையாடியது, விடியற்காலையில் தலையைப் பின்னால் வளைத்துக் காலை உதைத்துக்கொண்டு கிடக்கும். வைத்தியம் பார்க்க நேரமே இருக்காது. மழைக்காலத்துக்கு முன்பே தடுப்பூசி போட்டுவிட வேண்டும். முதல் தடவை போடும் குட்டிக்கு இரண்டு மூன்று வாரத்தில் இன்னொரு ஊசி. மழை விட்ட காலையில் வெறும் வயிற்றோடு திறந்துவிடாதீர்கள். கொஞ்சம் காய்ந்த தட்டை போட்டு, பிறகு ஓட்டுங்கள். ஆட்டுக்கொல்லி நோய்க்கு இந்தத் தடுப்பூசி உதவாது. அதற்குத் தனி ஊசி உண்டு.

குடற்புழு மருந்தை மாதாமாதம் ஊற்றலாமா?

கூடாது. மருந்துக்குப் புழு பழகிவிடும். ஆட்டின் கீழ் இமையை விரலால் இழுத்து உள்பக்கத்தைப் பாருங்கள். நல்ல சிவப்பாக இருந்தால் விட்டுவிடலாம். வெளிறிக் கிடந்தால் ரத்தம் உறிஞ்சும் புழு வேலை செய்கிறது. அந்த ஆட்டுக்கு, அதன் எடைக்குத் தக்க அளவில் கொடுங்கள்.

மாட்டுக்கு வாங்கிய தாது உப்பைச் செம்மறிக்கும் வைக்கலாமா?

வேண்டாம். அதிலுள்ள தாமிரம் செம்மறியின் ஈரலில் சேர்ந்து சேர்ந்து ஒருநாள் ஆளையே சாய்த்துவிடும்.

சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறார்கள். நான் ஏமாறுகிறேனோ என்று பயமாக இருக்கிறது.

வீட்டிலேயே தொங்கு தராசில் நிறுத்துவிட்டுப் போங்கள், பாதி பயம் போய்விடும். 20 கிலோ குட்டியில் ஏறக்குறைய 9 கிலோ கறி தேறும். அன்றைய கறி விலையால் பெருக்குங்கள். தலை, கால், குடல், தோல் விற்பதும் கடைக்காரருக்கு வரவுதான். அவர் கூலியையும் லாபத்தையும் கழித்தால் உங்கள் விலை கிடைத்துவிடும். வியாபாரி வீட்டுக்கே வந்து பட்டியை மொத்தமாக ஒரு நோட்டம் விட்டு, “உருப்படிக்கு இவ்வளவு” என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உயிர் எடைக்குப் பேசுங்கள்.

பக்ரீத்துக்கு விற்க எப்போது தொடங்க வேண்டும்?

சினை 5 மாதம், கிடா வளர ஒரு வருடம். ஆக, ஒன்றரை வருடம் முன்பே. பண்டிகை ஆண்டுதோறும் 10, 11 நாள் முன்னே நகரும் என்பதையும் கணக்கில் வையுங்கள். கண், காது, கொம்பு, காலில் ஊனம் இருந்தால் வாங்க மாட்டார்கள். குட்டியிலிருந்தே பார்த்து வளர்க்க வேண்டும்.

பணமுடை. பெட்டைக் குட்டிகளையும் விற்றுவிடலாமா?

முதலில் வாயைத் திறந்து பாருங்கள். பல் கொட்டிய கிழட்டு ஆடு, மடி கெட்டது, கிடாவுக்கு விட்டும் சினை பிடிக்காதது, இவை போகட்டும். அப்படியும் முடை தீராவிட்டால் சோனிப் பெட்டைக் குட்டிகளைக் கொடுங்கள். நல்ல தாயின் குட்டியை எந்த விலைக்கும் கொடுக்காதீர்கள். அது கிடாவுக்கு வருவதற்குள் பழைய கிடாவை மாற்றிவிடுங்கள். அப்பனோடு மகள் சேரக் கூடாது.