நாலு சக்கரமும் நாற்பது சந்தேகமும்

கேள்வி: மஹிந்திராவின் தார் வண்டியை வாங்கியே தீருவேன் என்று என் கணவர் ஒற்றைக் காலில் நிற்கிறார். வீட்டிலிருந்து ஆபீஸ் 6 கிலோமீட்டர். மலையையும் காட்டையும் நாங்கள் சினிமாவில் பார்த்ததோடு சரி. வாங்கலாமா?
– கோவை வாசகி

பதில்: கோவையில் இருந்துகொண்டு மலையைச் சினிமாவில்தான் பார்த்தேன் என்றால் மருதமலை கோபித்துக்கொள்ளும்! ஷோரூமுக்கு அவரைத் தனியாக அனுப்பாதீர்கள். உங்கள் மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மூன்று கதவுத் தாரில் பின் சீட்டுக்குப் போக, முன் சீட்டை மடக்கிவிட்டு, காலை நன்றாகத் தூக்கி வைத்துக் குனிந்து நுழைய வேண்டும். மாமியார் ஏறி, உட்கார்ந்து, இறங்கியும் வந்து "பரவாயில்லடா" என்று சொல்லிவிட்டால் பாதி வழக்கு தீர்ந்தது. தீராவிட்டால் 2024-இல் வந்த ஐந்து கதவு தார் ராக்ஸைப் பார்க்கலாம்.

மீதி வழக்கு உங்கள் கணவரிடம் இருக்கிறது. ஊருக்குள் மட்டும்தான் ஓட்டப்போகிறார் என்றால், அதே காசுக்குக் குலுங்காமல் போகிற, நல்ல டிக்கி உள்ள கார்கள் நிறைய இருக்கின்றன. மண் ரோட்டில் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஆசை நிஜமாகவே இருந்தால், ஃபோர் வீல் டிரைவ் உள்ள மாடலையே வாங்கச் சொல்லுங்கள். 2023 முதல் பின் சக்கரங்களை மட்டும் இயக்கும் தாரும் கடையில் இருக்கிறது. உருவம் ஒன்றுதான், வேலை வேறு. விலையைப் பார்த்து அதை வாங்கிவிட்டு ஆற்றுமணலில் இறக்கினால் அன்றைக்கே டிராக்டர் தேட வேண்டிவரும்.

கேள்வி: ஃபோர் வீல் டிரைவ் வண்டி எங்கேயும் சிக்காது என்று சொல்லித்தான் விற்றார்கள். சிறுமலைப் பக்கம் ஓர் ஓடையில் இரண்டு சக்கரம் அந்தரத்தில் சுற்றுகிறது, வண்டி ஓர் அங்குலம் நகரவில்லை. ஏமாற்றிவிட்டார்களா?
– திண்டுக்கல் வாசகர்

பதில்: ஏமாற்றவில்லை. பாதியைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அந்தப் பாதியை நான் சொல்கிறேன்.

வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும். அதற்காகத்தான் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் இருக்கிறது. இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற அது இடம் கொடுக்கும். ஆனால் இழுவிசையை மட்டும் இரண்டு பக்கமும் சமமாகத்தான் கொடுக்கும். ஒரு சக்கரம் காற்றில் தொங்கினால், அதைச் சுற்ற விசையே வேண்டியதில்லை. அந்த ஒன்றுமில்லாததற்குச் சமமான ஒன்றுமில்லாததுதான் தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் போகும். உங்கள் ஓடையில் முன்பக்கம் ஒரு சக்கரமும், அதற்குக் குறுக்கே பின்பக்கம் ஒரு சக்கரமும் தூக்கிக்கொண்டிருக்கும். என்ஜின் கத்தும், வண்டி நிற்கும்.

இதற்கு மருந்து டிஃபரன்ஷியல் லாக். ஃபோர்ஸ் கூர்காவில் முன்னும் பின்னும் இருக்கிறது. லாக் போட்டுவிட்டால் இரண்டு சக்கரமும் ஒரே கம்பியில் கோத்த மாதிரி சேர்ந்தே சுற்றும். ஜிம்னி என்ற வண்டி வேறு வழியில் போகிறது: சும்மா சுற்றுகிற சக்கரத்துக்கு வண்டியே பிரேக் பிடித்து, தரையில் இருக்கும் சக்கரத்துக்கு விசையைத் திருப்பிவிடும். இப்படிப்பட்ட வண்டியில் சக்கரம் சுற்றியவுடன் பதறி ஆக்சிலரேட்டரை விட்டுவிடக் கூடாது. லேசாக, ஒரே சீராக மிதித்துக்கொண்டு இரண்டு மூன்று விநாடி பொறுத்தால், பிரேக் கடகடவென்று பிடிக்கும் சத்தம் கேட்கும். அதன்பிறகு வண்டி தானாக ஊரும்.

லாக்கும் இல்லை, பிரேக் வித்தையும் இல்லையென்றால் இறங்குங்கள். தொங்குகிற சக்கரத்தின் அடியில் கல்லை அடுக்கி, தரைக்கும் டயருக்கும் உள்ள இடைவெளியை மூடுங்கள். அந்த நேரத்தில் வண்டிக்கு அடியில் தலையை நீட்டாதீர்கள். அடுத்த முறை ஓடையில் இறக்குவதற்கு முன்னாலேயே இறங்கி நடந்து, எந்தச் சக்கரம் எந்தக் கல்மேல் ஏற வேண்டும் என்று பார்த்துவிட்டு வந்து ஸ்டீயரிங்கைப் பிடியுங்கள். இந்த ஓட்டத்தில் முக்கால்வாசி நடந்து பார்ப்பதுதான்.

கேள்வி: நெடுஞ்சாலையில் 4ஹெச் போட்டு ஓட்டினால் பிடிமானம் கூடும் என்கிறான் நண்பன். சரியா?
– விழுப்புரம் வாசகர்

பதில்: காய்ந்த தார் ரோட்டில் கூடவே கூடாது. 4ஹெச் என்ற ஃபோர் வீல் நிலையைப் போட்டால் தாரிலும் ஜிம்னியிலும் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டப்படுகின்றன. வளைவில் முன் சக்கரங்களுக்கு நீளமான பாதை, பின் சக்கரங்களுக்குக் குட்டையான பாதை. மண்ணில் டயர் கொஞ்சம் சறுக்கிக் கணக்கைச் சரிசெய்துகொள்ளும். தார் ரோட்டில் சறுக்க வழியில்லை. அந்த முறுக்கு முழுவதும் கியர்ப் பெட்டிக்குள் ஏறும், ஸ்டீயரிங் இறுகும், தொடர்ந்தால் உள்ளே ஏதாவது உடையும். நண்பனை மாற்ற வேண்டாம், லீவரைப் பின் சக்கரங்களை மட்டும் இயக்கும் 2ஹெச்சுக்கு மாற்றுங்கள்.

கேள்வி: மைலேஜ் எவ்வளவு கொடுக்கும்?
– கும்பகோணம் வாசகர்

பதில்: 4எல் என்ற மெதுவான ஃபோர் வீல் கியரைப் போட்டு மலையேறும்போது கிலோமீட்டர்க் கணக்கு உதவாது. எத்தனை மணி நேரம் என்ஜின் ஓடும் என்று கணக்குப் போட்டு டேங்கை நிரப்புங்கள்.

கேள்வி: மச்சானின் வண்டி தேரியில் அச்சு வரைக்கும் புதைந்துவிட்டது. மிதிக்க மிதிக்க இன்னும் உள்ளேதான் போனது. என்ன செய்திருக்க வேண்டும்?
– திருச்செந்தூர் வாசகர்

பதில்: மிதிப்பதை நிறுத்தியிருக்க வேண்டும். அந்தச் செம்மணலில் சுற்றும் சக்கரம் குழி தோண்டுமே தவிர நகராது.

டயரில் காற்றைக் குறைப்பதுதான் மணலுக்கான முதல் வேலை. ரோட்டில் ஓட்டும்போது வைத்திருக்கும் காற்றை, மணலில் இறங்குவதற்கு முன்பே 15 முதல் 18 பிஎஸ்ஐ வரை இறக்க வேண்டும். டயர் அகலமாகும் என்று பலர் நினைக்கிறார்கள். அகலம் கொஞ்சம்தான் கூடும். தரையில் படியும் நீளம்தான் பெரிதாகக் கூடும். அந்த நீளம்தான் வண்டியை மணலுக்கு மேலே தாங்குகிறது. புதைந்தபிறகு: காற்றைக் குறையுங்கள், சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மணலை அள்ளிச் சரிவாக்குங்கள், ஸ்டீயரிங்கை நேராக வைத்து, வந்த தடத்திலேயே ரிவர்ஸில் மெதுவாக வெளியே வாருங்கள். வந்த தடம் ஏற்கெனவே இறுகியிருக்கும். மணலில் நிறுத்தும்போதும் பிரேக்கை அழுத்தாமல் வண்டி தானாக நிற்கும்படி விடுங்கள். பிரேக் பிடித்தால் டயர்களுக்கு முன்னால் மணல் குவிந்து, கிளம்பும்போது அதுவே தடுப்பாகிவிடும். காற்றைக் குறைத்த டயரோடு ஒடித்துத் திருப்பினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். ரோட்டுக்கு வந்ததும் காற்றை ஏற்றாமல் வேகம் எடுக்கக் கூடாது. அதனால் சிகரெட் லைட்டரில் மாட்டும் சின்ன கம்ப்ரஸர் ஒன்று மச்சானின் வண்டியில் இருக்கட்டும்.

இன்னொன்று. குதிரைமொழித் தேரி காப்புக்காடு. அங்கே அனுமதியில்லாமல் வண்டியை இறக்கியிருந்தால், புதைந்ததைவிட அதுதான் பெரிய தப்பு.

கேள்வி: 650 மில்லிமீட்டர் தண்ணீரில் தார் போகும் என்று கம்பெனியே சொல்கிறது. மழைக்காலத்தில் சுரங்கப்பாதையில் தைரியமாக இறக்கலாமே?
– வேளச்சேரி வாசகர்

பதில்: 650 மில்லிமீட்டர் என்பது நின்ற தண்ணீருக்கு, தரை தெரிந்த இடத்துக்கு, மெதுவாகப் போனால் மட்டும். சுரங்கப்பாதையில் எது 650, எது 1,650 என்று மேலேயிருந்து யாராலும் சொல்ல முடியாது. ஓடும் தண்ணீராக இருந்தால் அதில் பாதி ஆழமே வண்டியைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். நீங்கள் நடந்து கடக்கத் தயங்கும் தண்ணீரில் வண்டியை இறக்காதீர்கள்.

இறக்கியே ஆக வேண்டும் என்றால் முதல் கியரில், நடக்கும் வேகத்தில், நிறுத்தாமல் போங்கள். வேகமாகப் போய் இரண்டு பக்கமும் தண்ணீரைப் பீய்ச்சியடித்தால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அந்தத் தண்ணீர் காற்றுக்குழாய் வழியாக சிலிண்டருக்குள் புகுந்தால் என்ஜினுக்கு முடிவு. காற்றை அழுத்திச் சுருக்கலாம், தண்ணீரைச் சுருக்க முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஆகவே தண்ணீருக்குள் என்ஜின் நின்றுவிட்டால் சாவியைத் தொடவே தொடாதீர்கள். ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்ப்போமே என்ற அந்த ஒருமுறைதான் பல என்ஜின்களைக் கொன்றிருக்கிறது. சாதாரண இன்சூரன்ஸ் பாலிசிகள் பொதுவாக இந்தச் சேதத்துக்குப் பணம் கொடுப்பதில்லை. என்ஜின் பாதுகாப்புக்கென்று தனியாகப் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும். சென்னைக்காரர்கள் சேர்த்துக்கொள்வது நல்லது.

கரையேறியதும் பிரேக்கை நாலைந்து முறை லேசாக மிதித்து உலர்த்துங்கள். மறுநாள் மெக்கானிக்கிடம் சொல்லி டிஃபரன்ஷியல் ஆயிலைப் பார்க்கச் சொல்லுங்கள். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. ஆயிலை உடனே மாற்ற வேண்டும்.

கேள்வி: முன்னால் பெரிய இரும்பு பம்பர் மாட்டினால் கம்பீரமாக இருக்குமே?
– சேலம் வாசகர்

பதில்: வேண்டாம். மோதல் விசை ஏர்பேக் சென்சாருக்குப் போய்ச்சேரும் விதத்தை அது மாற்றிவிடும். குறுக்கே வரும் பாதசாரியின் காலையும் உடைத்துவிடும். 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இதன்மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் இதற்கு எதிராகவே இருக்கிறது. அந்தப் பணத்தை நல்ல டயருக்குப் போடுங்கள்.

கேள்வி: ஏலத்தோட்டத்துக்குப் போய்வர அப்பா வைத்திருந்த பழைய எம்எம் 540 ஜீப் இரண்டு வருடமாக வாசலில் நிற்கிறது. பழைய இரும்புக்காரர் விலை பேசிவிட்டுப் போயிருக்கிறார். கொடுத்துவிடட்டுமா?
– போடி வாசகி

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. கொஞ்சம் பொறுங்கள்.

1947-இல் மும்பையில் வில்லிஸ் ஜீப்பை உதிரியாக இறக்கிப் பூட்ட ஆரம்பித்தது மஹிந்திரா. அந்த வம்சத்தில் வந்த வண்டி உங்களுடையது. பெரும்பாலும் பெஜோ வழிவந்த 2.1 லிட்டர் டீசல் என்ஜின் இருக்கும். 62 குதிரைத்திறன்தான். ஆனால் கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் இல்லை. போடியில் வயதான மெக்கானிக் ஒருவர் இருந்தால் போதும், காதால் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார்.

முதலில் சேசிஸைப் பாருங்கள். சின்னச் சுத்தியலால் நீளத்துக்கும் தட்டிக்கொண்டே வரச் சொல்லுங்கள். கணீரென்று கேட்டால் இரும்பு நன்றாக இருக்கிறது. சத்தம் அமுங்கினால் அந்த இடத்தைத் துரு தின்றிருக்கிறது. சேசிஸ் தேறிவிட்டால் மற்றதெல்லாம் மாற்றக்கூடியவைதான். பழைய டீசலை வடித்துவிடுங்கள். பிரேக் ஆயிலை முழுக்க மாற்றுங்கள், ஈரத்தை உறிஞ்சிவைத்திருக்கும். என்ஜின் ஆயிலோடு நிறுத்திவிடாமல் கியர்ப் பெட்டி, டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் ஆக்சில், பின் ஆக்சில் நான்கிலும் ஆயிலைப் பாருங்கள். வொர்க்‌ஷாப்களில் அதிகம் மறக்கப்படுவது முன் ஆக்சில்தான்.

பிறகு கிரீஸ். ஸ்பிரிங் பட்டைகளின் பின், புரொப்பல்லர் ஷாஃப்டின் கிராஸ் என்று கிரீஸ் அடிக்கும் இடங்கள் நிறைய உண்டு. கிரீஸ் கன்னை இரண்டு அழுத்து அழுத்திவிட்டு அடுத்ததற்குப் போகிறவரை நம்பாதீர்கள். உள்ளே மண்ணோடு கறுத்துக் கிடக்கும் பழைய கிரீஸ் ஓரத்தில் பிதுங்கி வெளியே வந்து, அதன் பின்னால் புதுக் கிரீஸ் சுத்தமான நிறத்தோடு எட்டிப்பார்க்கும்வரை அடிக்க வேண்டும். பக்கத்தில் நின்று பாருங்கள். மாதம் ஒருமுறை மண் ரோட்டில் கொஞ்ச தூரம் ஃபோர் வீல் போட்டு ஓட்டினால் சீல்கள் காயாது. 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் தேதியைப் பாருங்கள். அப்பா ஓட்டிய ஸ்டீயரிங்கை எடைக்குப் போடுவதற்கு முன்னால் இவ்வளவையும் செய்து பார்த்துவிடுங்கள்.

கேள்வி: என்னிடம் சொந்தத் தார் இருக்கிறது. கொழுக்குமலைக்கு மட்டும் ஏன் உள்ளூர் ஜீப்பில் போக வேண்டும்?
– பெங்களூர்த் தமிழர்

பதில்: போய்ப் பாருங்கள், உங்களுக்கே தெரியும். தோட்டம் தேனி மாவட்டத்தில், 7,000 அடிக்கு மேல். ஜீப் ஏறுவதோ கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து. பாதை என்று சொல்வது பாறைகளின் வரிசையைத்தான். அதிகாலை இருட்டில் எந்தப் பாறைக்கு எந்தச் சக்கரம் என்று தெரிந்தவர்கள் அந்த ஓட்டுநர்கள். அவர்களுக்குப் பிழைப்பும் அதுதான்.

ஏறும்போது ஓட்டுநரின் கைகளைக் கவனியுங்கள். கட்டைவிரலை ஸ்டீயரிங்குக்கு உள்ளே கோக்கமாட்டார், மேலேயே வைத்திருப்பார். பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியில் முன் சக்கரம் பாறையில் இடித்தால் ஸ்டீயரிங் சடாரென்று சுழலும். உள்ளே இருக்கும் விரலை ஒடித்துவிடும். கிளட்சின் மேல் காலைச் சும்மா வைத்திருக்கவும்மாட்டார். கட்டணத்தில் பாதி இந்தப் பாடத்துக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கொல்லிமலையில் 70 வளைவும் இறங்கி வருவதற்குள் பிரேக் தீய்ந்த வாசனை வருகிறது. வண்டியில் கோளாறா?
– நாமக்கல் வாசகர்

பதில்: வண்டியில் இல்லை. ஏறிய கியரிலேயே இறங்குங்கள், என்ஜின் பிடித்துக்கொள்ளும். வாசனை வந்துவிட்டால் ஓரமாக நிறுத்தி அரை மணி ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள்.

கேள்வி: கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒதுக்குப்புறமான கடற்கரை இருக்கிறது. அதிகாலையில் அலையோரம் வண்டி ஓட்டி வீடியோ எடுக்கலாமா?
– சென்னை வாசகர்

பதில்: கூடாது. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் அந்த மணலில்தான் முட்டையிடுகின்றன. மேலேயிருந்து பார்த்தால் கூடு தெரியாது. டயர்ப் பள்ளத்தில் விழுந்த குஞ்சு ஏறிக் கடலுக்குப் போக முடியாமல் காக்கைக்கு இரையாகும். வண்டியால் போக முடியும் என்பது போகலாம் என்பதற்கு அனுமதி இல்லை. சரணாலயங்களுக்கும் காப்புக்காடுகளுக்கும் இதே பதில்தான்.

கேள்வி: தனியாக ஒரு வண்டியில் மலைப்பாதைக்குக் கிளம்புகிறேன். என்னென்ன எடுத்துக்கொள்ளட்டும்?
– ஈரோடு வாசகர்

பதில்: முதலில் இன்னொரு வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று சிக்கினால் மற்றது இழுக்கும். இழுப்பதற்குக் கம்பெனி கொடுத்த இழுவைக் கொக்கியைத்தான் பயன்படுத்த வேண்டும். டிரெய்லர் மாட்டும் குண்டில் கயிறு கட்டாதீர்கள். அது முறிந்தால் தோட்டாவாகப் பறக்கும். கயிற்றின் நடுவே நனைந்த சாக்கைப் போடுங்கள். கயிறு அறுந்தால் வீச்சு குறையும். வேடிக்கை பார்ப்பவர்களைக் கயிற்றின் நீளத்தைவிட ஒன்றரை மடங்கு தூரத்துக்கு அனுப்பிவிட்டு இழுங்கள். மண்வெட்டி, டயர் கேஜ், கம்ப்ரஸர், ஜாக்குக்கு அடியில் போட ஒரு தடித்த பலகை, எல்லோருக்கும் ஒரு நாள் கூடுதலாகக் குடிதண்ணீர், முதலுதவிப் பெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். கனமானதைக் கூரையில் ஏற்றாமல் தரையில் வைத்துக் கட்டுங்கள். சரிவில் வண்டி சாயாமலிருக்க அது உதவும்.

போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் தாளில் எழுதி வீட்டில் கொடுங்கள். அந்த நேரம் தாண்டினால் யாரைக் கூப்பிட வேண்டும் என்ற எண்ணையும் அதே தாளில் எழுதிவிட்டுப் புறப்படுங்கள்.