புதையல் உண்டு, பொன் இல்லை

கே: ஜியோகேஷிங் என்கிறார்களே, அது என்ன விளையாட்டு?

ப: ஒருவர் டப்பாவை ஒளித்து வைத்துவிட்டு, அது இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் ஊருக்கே சொல்லிவிடுவார். மற்றவர்கள் செல்போனோடு தேடிக் கிளம்புவார்கள். கிடைத்தால் உள்ளே இருக்கும் நோட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, டப்பாவை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும்.

கே: இவ்வளவு அலைந்தால் தங்கம், வைரம் ஏதாவது தேறுமா?

ப: கோலிக்குண்டு, சாவி வளையம், சக்கரம் கழன்ற பொம்மைக் கார் தேறும். அதை எடுத்தாலும் சம மதிப்பில் பதிலுக்கு ஒன்றைப் போட வேண்டும். ‘நானோ’ என்ற ரகத்தில் அதுவும் கிடையாது. சட்டைப் பொத்தான் அளவில் காந்தத்தோடு பாலத்துக் கம்பியில் ஒட்டிக்கொண்டிருக்கும். உள்ளே காகிதச் சுருள் மட்டும். அதை வெளியே எடுக்க நகம் போதும். கையெழுத்துப் போட்டுத் திரும்பச் சுருட்டி நுழைப்பதற்குத்தான் பூர்வஜன்ம புண்ணியம் வேண்டும்.

கே: இந்தப் பைத்தியத்தைத் தொடங்கி வைத்த மகானுபாவர் யார்?

ப: பாதிப் புண்ணியம் பில் கிளிண்டனுக்கு. பொதுமக்களுக்கு வரும் ஜிபிஎஸ் சிக்னலில் அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்பிக்கொண்டிருந்தது. 100 மீட்டர் வரை தள்ளிக் காட்டும். 2000 மே 1 நள்ளிரவோடு அதை நிறுத்தச் சொன்னார் கிளிண்டன். மே 3 அன்றே டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் பீவர்க்ரீக் அருகே ஒரு கறுப்பு வாளியைப் பாதி புதைத்து வைத்து, இடத்தை இணையத்தில் அறிவித்துவிட்டார். உள்ளே நோட்டு, பென்சில், புத்தகம், கவண், ஒரு டின் பீன்ஸ். மூன்றே நாளில் மைக் டீக் என்பவர் கண்டுபிடித்தார்.

வேடிக்கை என்னவென்றால், இன்றைய விதிப்படி அந்த ஆதிவாளியே செல்லாது. நில உரிமையாளர் அனுமதியின்றி மண்ணைத் தோண்டக் கூடாது, உணவுப் பொருளும் கூடாது. கரடிக்கும் அணிலுக்கும் ஜிபிஎஸ் தேவைப்படாது பாருங்கள்!

கே: அதற்கு முன் மனிதர்கள் ஒழுங்காக வீட்டில் இருந்தார்களா?

ப: இங்கிலாந்தில் இல்லை. 1854-லேயே டார்ட்மூர் சதுப்பு நிலத்தில் கிரான்மியர் பூல் என்ற இடத்தில் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி ஒரு ஜாடியை வைத்தார். அங்குவரை நடந்து வந்தவர்கள் தங்கள் விசிட்டிங் கார்டைப் போட்டுவிட்டுப் போனார்கள். சேற்றில் அத்தனை தூரம் நடந்தது யாருக்காவது தெரிய வேண்டாமா?

கே: ஜிபிஎஸ் காட்டும் இடத்தில் போய் நின்றால் டப்பா கிடைத்துவிடுமா?

ப: அங்கேதான் ஆட்டமே ஆரம்பம். அடர்ந்த மரங்களுக்கு அடியில் பத்து மீட்டர் தப்பினாலும் ஆச்சரியமில்லை. போனை ஜேபியில் போட்டுவிட்டுக் கண்ணைத் திறக்க வேண்டும். கைதேர்ந்தவர்கள் டப்பாவைத் தேடுவதில்லை. காட்டுக்குப் பொருந்தாத ஒழுங்கைத் தேடுவார்கள். விழுந்த குச்சிகள் ஒரே திசையில் வரிசையாகக் கிடக்குமா? மரப்பொந்தின் வாயில் பட்டை தானாக வந்து நேராகச் சாய்ந்து நிற்குமா?

கே: பூங்காவில் புதரைக் கிளறினால் போலீஸ் வராதா?

ப: வரும், சில சமயம் வெடிகுண்டு நிபுணர்களோடு. 2011-இல் இங்கிலாந்தின் வெதர்பி ஊரில் ஒரு டப்பாவைக் குண்டு என்று நினைத்து வெடிக்க வைத்தே விட்டார்கள். ஆட்டம் தெரியாதவர்களுக்கு இவர்கள் வைத்த பெயர் ‘மகிள்’; ஹாரி பாட்டரிலிருந்து இரவல் வாங்கியது. மகிள் எதிரே வந்தால் ஷூ லேஸ் கட்டுவதுபோல் குனிந்துகொள்வது சம்பிரதாயம். பத்து நிமிடம் ஒரே லேஸைக் கட்டிக்கொண்டிருப்பவரைப் பார்த்தால் எனக்கே சந்தேகம் வரும்.

கே: எட்டவே முடியாத டப்பா எங்கே இருக்கிறது?

ப: சர்வதேச விண்வெளி நிலையத்தில். 2008-இல் காசு கொடுத்துப் போன ரிச்சர்ட் கேரியட் வைத்தது. ஷேர் ஆட்டோ கிடையாது.

கே: வீட்டில் மூக்குக் கண்ணாடியையே தேடத் தெரியாத என் கணவர் இதற்குத் தேறுவாரா?

ப: தாராளமாக. இந்த ஆட்டத்தில் ‘தேடினேன், கிடைக்கவில்லை’ என்று கௌரவமாகப் பதிவு செய்ய வசதி உண்டு. உங்கள் வீட்டில்தான் அது இல்லை.