வளராத உடம்பும் வளரும் அலமாரியும்

புனேயின் கன்டோன்மென்ட்டை ஒட்டிக் கிடக்கும் வானவடிக்கு வரலாற்று ஆசிரியர்கள் வருவது மகாத்ஜி ஷிந்தேவுக்காக. அந்த மராத்தியத் தளபதி 1794 பிப்ரவரியில் இங்கேதான் இறந்தார். தகனம் நடந்த இடத்தில் ஷிந்தே சத்திரி நிற்கிறது. மருத்துவம் படிக்க வருகிறவர்களுக்கு 1948-இல் தொடங்கிய ராணுவ மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இரு சாராரும் ஒரு முக்கியமான விஷயத்தைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். டிசம்பர் மாதத்து வெயிலில் இங்குள்ள அடுக்குமாடி பால்கனிகளின் கொடிகளில், உள்ளங்கையில் அடங்கும் சுவெட்டர்களும் எலுமிச்சம்பழத்துக்குப் பொருந்தும் குல்லாக்களும் கிளிப் மாட்டித் தொங்குகின்றன. அவற்றை உடுத்தும் அளவுக்குச் சிறிய மனிதர் வானவடியில் எவரும் இல்லை. அறிவுலகம் இதைப் பற்றி வாய் திறக்காததால் இக்கட்டுரை எழுத வேண்டியதாயிற்று.

முதலில் எல்லை வகுத்துக்கொள்வோம். இங்கே பொம்மை என்று சொல்லப்படுவது நான்கு இனத்தது. கண்ணாடி அலமாரியில் நிற்கும் பார்பி ஓர் இனம். 1959 மார்ச் 9 அன்று நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் அறிமுகமானவள். உயரம் ஏறக்குறைய 29 சென்டிமீட்டர். கொலுவுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து பெட்டியில் வந்து இறங்கிய மரப்பாச்சி ஜோடி இரண்டாவது. பேத்தி விட்டுவிட்டுப்போன துணிப்பொம்மை மூன்றாவது. சிக்கல் நான்காவதில்தான். மராத்தி வீட்டுப் பூஜை அலமாரியில் தவழும் பாலகிருஷ்ணன் அது; வடநாட்டார் வீட்டில் அவனே லட்டு கோபால். தெய்வத்தைப் பொம்மைக் கணக்கில் சேர்க்கலாமோ எனின், பூஜையில் சேர்க்கலாகாது, அளவெடுக்கும்போது சேர்க்கலாம் என்க. குரோஷா ஊசிக்கு எல்லோரும் சின்ன உடம்புக்காரர்களே.

மராத்தி மணப்பெண் பிறந்த வீட்டிலிருந்து அன்னபூரணியையும் பாலகிருஷ்ணனையும் எடுத்துக்கொண்டு புக்ககம் போகிறாள். தமிழ் வீடுகளில் பல இடங்களில் மரப்பாச்சி ஜோடி அப்படிப் போகும். இரண்டு சீர்வரிசையும் ஒரே மாடியில் எதிரெதிர் கதவுக்குப் பின்னால் வந்து சேர்ந்து, இரண்டுக்கும் ஒரே கம்பளி நூலில் குல்லா பின்னப்படுவது வானவடி போன்ற இடத்தில்தான் நடக்கும்.

இனி முதற்கொள்கை. அஃதேல், பொம்மைக்குக் குளிருமோ எனின், குளிரும் என்பார் ஒரு சாரார். அவர்கள் காட்டும் சான்று லேசில் தள்ளக்கூடியதன்று. புனே நகரின் நடுவே சாரஸ்பாகில், பேஷ்வாக்கள் காலத்தில் ஏரியாக இருந்த இடத்தின் நடுவே, 1784-இல் எழுந்த பிள்ளையார் கோயில் இருக்கிறது. குளிர்காலம் வந்தால் அங்கே மூலவருக்குக் கம்பளிச் சுவெட்டரும் குல்லாவும் அணிவிக்கிறார்கள். பத்திரிகைகள் அந்தப் படத்தைப் போட்டால்தான் புனேக்காரர்கள் குளிர் வந்துவிட்டதென்று ஒப்புக்கொள்கிறார்கள். இத்தனைக்கும் இந்திய வானிலைத் துறையின் தலைமையகம் 1928-இல் சிம்லாவிலிருந்து இந்த ஊருக்குத்தான் பெயர்ந்து வந்தது. சிவாஜிநகரில் அந்தக் கட்டடத்தை இன்றும் சிம்லா ஆபீஸ் என்றுதான் சொல்கிறார்கள். துறையின் பதிவேட்டில் 1935 ஜனவரி 17 அன்று புனேயின் வெப்பநிலை 1.7 டிகிரி செல்சியஸ். அன்றிரவு எந்தக் கல்லுக்கும் குளிர்ந்திருக்கும் என்று வாதிட இடமுண்டு.

ஆனாலும் இக்கொள்கை பொருந்தாது. என்னை? பிள்ளையாரின் சுவெட்டர் பருவத்துக்கு உரியது. குளிர் போனதும் களைந்துவிடுவார்கள். வானவடிப் பார்பியோ 40 டிகிரியைத் தொடும் ஏப்ரல் வெயிலிலும் கழுத்து மூடிய கம்பளியில், முகத்தில் புன்னகை மாறாமல் நிற்கிறாள். குளிரே இல்லாத சென்னையிலும் மரப்பாச்சிக்குக் குரோஷா கவுன் உண்டு. ஆகவே குளிர் ஒரு சாக்கு.

உண்மைக் காரணத்தைக் கம்பளிக்கடைக் கவுன்ட்டரில் தேட வேண்டும். கம்பளி நூல் உருண்டை உருண்டையாக விற்கிறது. ஒவ்வொன்றின் லேபிளிலும் நிறத்தின் எண்ணுக்குப் பக்கத்தில் சாயத்தின் லாட் எண் இருக்கும். இரண்டு உருண்டைகளின் நிற எண் ஒன்றாக இருந்து லாட் எண் வேறாக இருந்தால், கடை வெளிச்சத்தில் வித்தியாசம் தெரியாது. பின்னி முடித்து வெயிலில் போட்டால், சுவெட்டரின் முதுகுக்குக் குறுக்கே கோடு கிழித்ததுபோலத் தெரியும். ஒருமுறை அடிபட்டவர்கள் அடுத்த முறை ஒரே லாட்டில் ஓர் உருண்டை கூடுதலாகவே வாங்கிவிடுவார்கள். அந்தக் கூடுதல் உருண்டை பெரும்பாலும் மிஞ்சும். தூக்கிப் போட மனம் வராது. இன்னொரு சுவெட்டருக்குப் போதாது. அதற்குப் போதுமான உடம்பு ஒன்று வீட்டில் இருந்தாக வேண்டும். எனவே இவ்வாய்வின் முடிபு இது: பொம்மைக்காக நூல் வாங்கப்படுவதில்லை, நூலுக்காகவே பொம்மை வீட்டில் வைக்கப்பட்டிருக்கிறது.

வானவடியில் இந்த மிச்சம் மற்ற இடங்களைவிட அதிகம். ஓய்வுபெற்ற ராணுவத்தார் குடியிருக்கும் சாலுங்கே விஹார் இங்கேதான் இருக்கிறது. கணவருக்கு ஸ்ரீநகரிலும் லேயிலும் வெலிங்டனிலும் போஸ்டிங் இருந்த காலத்தில் பின்னக் கற்றுக்கொண்ட கைகள், புனேயின் மிதமான குளிருக்கு வந்தபிறகும் நிற்கவில்லை. லூதியானாவின் வர்த்தமான், ஓஸ்வால் லேபிள்கள் ஒட்டிய பழைய உருண்டைகள் ட்ரங்குப் பெட்டியோடு ஊர் ஊராக மாறி வந்தவை. அண்டை வீட்டு மராத்தி காகூ “ஏக் சுலட், ஏக் உலட்” என்று கண்ணிகளை எண்ண, எதிர்வீட்டுத் தமிழ் மாமி “நிட், பர்ல்” என்று எண்ணுவார். பஞ்சாபிக்காரம்மாவுக்கு அது சீதா, உல்ட்டா. பின்னி முடித்த குல்லாவைப் பார்த்து எந்த மொழியில் எண்ணியது என்று கண்டுபிடிக்கும் முறை இன்னும் வகுக்கப்படவில்லை.

அடுத்து வளர்ச்சி விதி. பேரனுக்குப் பின்னிய ஜப்லாவுக்கு ஆயுள் ஆறு மாதம். “பாட்டி, கை ஏறவே மாட்டேங்குது” என்று வீடியோ காலில் அவன் சொல்லும்போது பின்னியவர் கண்ணில் தெரிவது உண்மையான துயரம். பாலகிருஷ்ணன் இந்தத் துரோகத்தைச் செய்வதில்லை. 3-ஆம் நம்பர் பாலகிருஷ்ணன் என்றைக்கும் 3-ஆம் நம்பர்தான். (கடைக்குக் கடை நம்பர் மாறும். ஒரு கடையின் 3 இன்னொரு கடையின் 4 ஆவதுண்டு என்பதால் சிலையையே கையில் கொண்டுபோகிறவர்கள் விவரமானவர்கள்.) உடம்பு வளராததால் பழைய உடை எதுவும் கழிவதில்லை, மிச்ச நூலோ ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டே போகிறது. எனவே அலமாரி வளர்ந்துதான் ஆக வேண்டும். சேகரிப்பு என்ற பழக்கம் ஆசையில் பிறந்தது என்று உளவியலார் சொல்வார்கள். கூட்டல் கணக்கே போதும்.

பின்னலின் நுட்பத்துக்கு வருவோம்; கேலியைச் சற்று நிறுத்திவைக்க வேண்டிய இடம் இது. பார்பி மனித உருவின் ஆறில் ஒரு பங்கு. சாதாரணக் கம்பளியை 4 மில்லிமீட்டர் ஊசியில் பின்னினால் 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணிகள் வரும். 78 சென்டிமீட்டர் மார்புச் சுற்றளவுள்ள பெண்ணுக்கு 172 கண்ணிகள். பார்பியின் மார்புச் சுற்றளவு ஏறக்குறைய 13 சென்டிமீட்டர். அதே நூலில் அவளுக்குக் கிடைப்பது 28 அல்லது 29 கண்ணிகள். அதாவது, நாம் சுண்டுவிரல் கனத்துக் கயிற்றில் சுவெட்டர் பின்னிப் போட்டுக்கொண்டால் எப்படியிருக்குமோ அப்படித்தான் அவள் நிற்கிறாள். கை இரண்டும் உடம்போடு ஒட்டாமல் விறைத்து நிற்பதற்கு இதுவே காரணம்.

இந்தக் கணக்கை ஒருவர் நேர்செய்திருக்கிறார். அமெரிக்காவின் ஆல்தியா குரோம், முடி அளவு மெல்லிய கம்பிகளில் ஓர் அங்குலத்துக்கு 80 கண்ணிகளுக்கு மேல் பின்னுகிறவர். 2009-இல் வெளிவந்த ‘கோரலைன்’ பொம்மைப் படத்தில் நாயகி அணியும் நட்சத்திர சுவெட்டரும் கையுறைகளும் அவர் கைவேலை. வானவடியில் அவ்வளவு தூரம் போவதில்லை. கம்பளியை விட்டுவிட்டு 40-ஆம் நம்பர் பருத்தி நூலுக்கும் மெல்லிய எஃகுக் குரோஷா ஊசிக்கும் மாறிவிடுகிறார்கள். அதில் இன்னொரு லாபமும் உண்டு. நிட்டிங்கில் ஊசியிலிருந்து கண்ணி நழுவினால் வரிசை வரிசையாக இறங்கிக்கொண்டே போகும்; குரோஷாவில் ஒரு நேரத்தில் திறந்திருப்பது பெரும்பாலும் ஒரே வளையம். குக்கர் விசில் கேட்டு அப்படியே வைத்துவிட்டு எழுந்து போகலாம்.

பாலகிருஷ்ணனின் பாவாடை தனி ஆய்வுக்கு உரியது. அவன் தவழ்கிறான், வலது கை லட்டோடு மேலே தூக்கியிருக்கிறது. தலைவழியே எதுவும் போகாது, கைவழியேயும் போகாது. ஆகவே முதுகுப்பக்கம் திறந்து, கயிறு கட்டி முடியும் உடைதான் சரிப்படும். வட்டமாகப் பின்னுவதற்கு விதி எளிது: முதல் சுற்றில் 6 கண்ணி, அடுத்ததில் 12, பிறகு 18, 24 என்று ஒவ்வொரு சுற்றுக்கும் ஆறாறாகக் கூட்டினால் தட்டையாகக் கிடக்கும். கூட்டுவதைக் குறைத்தால் கிண்ணமாகக் குவிந்து குல்லா ஆகும். மிகையாகக் கூட்டினால் ஓரம் இடம் போதாமல் நெளிந்து கொசுவமாகும், அதுதான் பாவாடை.

இந்த நெளிவைக் கண்ணால் பார்க்கக் கணித அறிஞர்கள் நெடுநாள் பாடுபட்டார்கள். அதிபரவளைய வடிவியல் என்ற துறையில் அப்படிப்பட்ட பரப்பைக் காகிதத்தில் ஒட்டிச் செய்வார்கள், அது கிழியும். 1997-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்த லாட்வியக் கணிதவியலாளர் டாய்னா டாய்மினா குரோஷா ஊசியை எடுத்து, சுற்றுக்குச் சுற்று ஒரே விகிதத்தில் கண்ணிகளைக் கூட்டி அதைப் பின்னிக் காட்டினார். மாணவர்கள் கையில் வாங்கி மடக்கிப் பார்க்க முடிந்தது. ஜன்மாஷ்டமிக்கு முந்தைய வாரம் அதே பரப்பை ஜரிகை ஓரம் வைத்துப் பின்னுகிறவர்களுக்கு அது வடிவியல் என்று யாரும் சொல்லவில்லை. சொன்னாலும், கொசுவம் ஒரு பக்கம் தூக்கியிருக்கிறதே என்ற கவலைதான் அவர்களுக்கு.

சேகரிப்பவர்கள் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி ஒன்று. உலகத்துக்கே பனியன் பின்னும் திருப்பூரால் ஓர் அங்குலக் குரோஷாவைப் பின்ன முடியாது. நிட்டிங்கை இயந்திரம் செய்யும். 1589-இலேயே வில்லியம் லீ காலுறைத் தறி செய்துவிட்டார். உண்மையான குரோஷாவைப் போட்டுத்தரும் தொழிற்சாலை இயந்திரமோ இன்றுவரை இல்லை. சாயலாகத் தோன்றும் துணிகள்தான் உண்டு. ஆகவே பழைய பெட்டியில் கிடைக்கும் எந்தக் குரோஷாக் குல்லாவும் யாரோ ஒருவர் உட்கார்ந்து கையால் போட்டது. நிட்டிங்கில் சந்தேகம் வந்தால் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்: துணியாக வெட்டி ஓவர்லாக் அடித்த விளிம்பு இருந்தால் இயந்திரம், வெட்டே இல்லாமல் கண்ணிகளைக் குறைத்தே கைக்குழி வளைந்திருந்தால், பெரும்பாலும் கைவேலை.

இந்தக் கைவேலையின் மறுகோடியில் சென்னை இருக்கிறது. 2016 ஜனவரியில் ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ குழுவினர் அங்கே 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள குரோஷாப் போர்வையை விரித்து கின்னஸில் இடம்பிடித்தார்கள். பார்பியின் சால்வை பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் என்று வைத்தால், அதில் 11 லட்சத்து 14 ஆயிரத்து 850 சால்வைகள் தேறும். வானவடியின் மொத்தத் தேவைக்கு அதிகம் என்பதால் அந்த யோசனையை இக்கட்டுரை பரிந்துரைக்கவில்லை.

அருங்காட்சியகங்கள் இவற்றைக் கவனிக்கின்றனவா? ஓரளவு. தில்லியில் கார்ட்டூனிஸ்ட் சங்கர் பிள்ளை 1965-இல் திறந்த பொம்மை அருங்காட்சியகத்துக்கு விதை, ஹங்கேரியத் தூதர் கொடுத்த ஒற்றைப் பொம்மை. புனேயிலேயே, பாஜிராவ் சாலையை ஒட்டி, இறந்துபோன மகனின் பெயரால் தினகர் கேல்கர் அமைத்த ராஜா கேல்கர் அருங்காட்சியகம் இருக்கிறது. பாக்குவெட்டி, விளக்கு, சீப்பு என்று வீட்டில் புழங்கிய பொருள்களுக்கெல்லாம் அங்கே மரியாதை உண்டு. அந்தப் பாக்குவெட்டிகளைச் செய்த கொல்லர்களின் பெயர்கள் எங்கும் எழுதப்படவில்லை. குல்லா பின்னுகிறவர்களுக்கும் அதே கதி வராமலிருக்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு.

அதனால், பொம்மை உடை வைத்திருக்கும் வீட்டாருக்கு: ஒவ்வொரு உடையோடும் ஒரு துண்டுச் சீட்டில் பின்னியவர் பெயர், ஆண்டு, எந்தப் பொம்மைக்கு என்று எழுதி நூலால் கட்டிவையுங்கள். அடர்சிவப்பு, கருநீலக் கம்பளியைப் பொம்மையின் மேலேயே பல ஆண்டுகள் விட்டுவைக்காதீர்கள். சாயம் வினைல் உடம்பில் ஏறினால் போகாது. பெட்டியில் பிளாஸ்டிக் பொம்மையும் சேர்ந்து இருந்தால் அந்துருண்டை வேண்டாம், அது சிலவகை பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். உடையை நன்றாகக் காயவைத்து மஸ்லின் துணியில் சுற்றி வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை எடுத்து உதறினால் போதும்.