ஏத்திப் பழகிய கை

சேத்தியாத்தோப்பு குறுக்கு ரோட்டில் இறங்கி, "டிஜே அண்ணன் கடை எங்க?" என்று கேட்டால் யாரும் கை நீட்டி வழிகாட்ட மாட்டார்கள். "செத்த நில்லுங்க" என்பார்கள். எந்தப் பக்கம் தரை அதிர்கிறதோ அந்தப் பக்கம் நடக்க வேண்டியதுதான்.

இவர் ஓர் ஆள் இல்லை. புவனகிரியில் ஒருவர், ஸ்ரீமுஷ்ணத்தில் ஒருவர், விருத்தாசலத்தில் தெருவுக்கு ஒருவர் என்று கடலூர் மாவட்டம் நெடுக இருக்கிறார். வயது நாற்பதைத் தொட்டிருக்கும். அப்பா காலத்துப் பலகையில் 'ரேடியோ சவுண்ட் சர்வீஸ்' என்று எழுதியிருந்தது. அதை மறைத்து இப்போது 'டிஜே' என்று ஃப்ளெக்ஸ். ஹெட்போன் எப்போதும் கழுத்தில்தான் இருக்கும். காதுக்கு ஏறுவது அந்த ஃப்ளெக்ஸுக்குப் போட்டோ எடுக்கும்போது மட்டும்.

ஆடிச் செடல், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, ரிசப்ஷன் என்று வருஷம் ஓடிவிடும். மார்கழி பிறந்தால் கல்யாணம் இல்லை, கை அரிக்கும். அந்த மாதம் அண்ணன் உட்கார்ந்து மிக்ஸ் பதிவார். வாங்க ஆள் தயார். எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிவரும் டிராக்டர் டிரைவர்கள், மினி பஸ்காரர்கள், ஷேர் ஆட்டோக்காரர்கள் எல்லோரும் பென் டிரைவோடு வருவார்கள். ஒரு மணி நேரம் இடைவெளி விடாமல் பாட்டு ஓட வேண்டும், நடுநடுவே அண்ணன் தன் பெயரைத் தானே கூவ வேண்டும். அதுதான் மிக்ஸ்.

இதில்தான் சிக்கல். பெட்டியில் கேட்கும்போது தேனாக இருக்கிற பாட்டு, பதிந்து கேட்டால் கரகரவென்று பிசிறடிக்கிறது. காரணத்தைத் தேடி அண்ணன் மேற்கொள்ளும் யாத்திரையை எழுதினால் தல புராணம் தோற்றுவிடும். தரிசனம் செய்யாத ஒரே சன்னிதி, மிக்ஸரில் இருக்கும் வால்யூம் நாப்.

அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. பரம்பரை அப்படி. அப்பா எண்பதுகளில் ரெக்கார்டிங் சென்டரும் வைத்திருந்தவர். துண்டுச்சீட்டில் பன்னிரண்டு பாட்டு எழுதிக் கொடுத்தால் 60 நிமிடக் கேசட்டில் பதிந்து, அட்டையில் முத்து முத்தாகப் பாட்டின் பெயரும் எழுதித் தருவார். டெக்கில் இரண்டு ஊசி ஆடும். "ஊசி செவப்புல தட்டணும்டா. தட்டலன்னா பாட்டு தூங்கிடும்" என்பது மகனுக்கு அவர் விட்டுப்போன சொத்து. தப்பான உபதேசமும் இல்லை. காந்த நாடாவுக்கென்று 'உஸ்ஸ்' என ஓர் இரைச்சல் உண்டு. அடக்கிப் பதிந்தால் பாட்டு அந்த உஸ்ஸுக்குள் அமுங்கிவிடும். கொஞ்சம் ஏற்றிப் பதிந்தாலோ நாடா கோபித்துக்கொள்ளாது. அலையின் உச்சியை நோகாமல் மழுக்கி, பாட்டுக்கு ஒரு கனத்தையும் சேர்த்துக் கொடுக்கும். கூம்புக் குழாயைப் பனைமரத்தில் கட்டி அடுத்த ஊருக்குக் கேட்கவைத்த வம்சத்துக்கு இது போதாதா? அண்ணனின் வலது கை ஏத்தியே பழகிவிட்டது. அது இடப்பக்கம் திரும்பும் ஒரே நேரம், ராத்திரி பத்து மணிக்குப் போலீஸ் ஜீப் வந்து நிற்கும்போதுதான். அதற்கு 2000-ஆம் ஆண்டில் மத்திய அரசு ஒலி மாசு விதிகளே போட வேண்டியிருந்தது.

கம்ப்யூட்டருக்கு நாடாவின் தாட்சண்யம் கிடையாது. ஓசையை விநாடிக்கு 44,100 தடவை அளந்து எண்ணாக எழுதிக்கொள்ளும். 16 பிட் என்றால் ஆக மொத்தம் 65,536 படி. உச்சப் படியின் பெயர் பூஜ்ஜியம் டெசிபல். அதற்கு மேலே எழுத எண்ணே இல்லாததால், மேலே போன அலையெல்லாம் தலை சீவப்பட்டுத் தட்டையாக நிற்கும். அந்தத் தட்டைதான் காதில் கரகரக்கிறது. உச்சி பூஜ்ஜியத்துக்கு ஆறு டெசிபல் கீழே நிற்கும்படி பதிந்தால் தொல்லை விட்டது. நாடாவின் உஸ்ஸும் இங்கே இல்லை என்பதால் அடக்கிப் பதிவதில் நஷ்டம் ஒன்றும் கிடையாது.

இதை அண்ணனுக்குச் சொல்ல ஓர் ஆள் இருக்கிறான். அக்கா மகன். விருத்தாசலத்தில் அரசுப் பீங்கான் தொழில்நுட்பப் பயிலகத்தில் டிப்ளமோ படிக்கிறான். "மாமா, பச்சை மண்ணா இருக்கறப்போ கோணலை நிமித்தலாம். சூளையில வெந்து வந்த பெறகு ஒண்ணும் பண்ண முடியாது. பதியும்போதே எறக்கிடுங்க" என்பான். அண்ணன் அவனை ஏற இறங்கப் பார்ப்பார். "பொம்மை செய்யறவன் பொம்மையைப் பாருடா. இது கேபிள் ஃபால்ட்டு."

கேபிள் மாறும். தங்க முலாம் பூசிய பின் வைத்தது வரும். கரகரப்பு அப்படியே இருக்கும், இன்னும் துல்லியமாக.

அடுத்து லேப்டாப் மேல் சந்தேகம். இங்கே அண்ணனின் மூக்கு சரியான இடத்தைத்தான் மோப்பம் பிடிக்கிறது. மிக்ஸரின் ரெக் அவுட்டிலிருந்து வருவது லைன் அளவுச் சிக்னல். லேப்டாப்பின் மைக் துளையோ சில மில்லிவோல்ட்டுக்குப் பழகியது. பல பத்து மடங்கு பெரியதை அதற்குள் திணித்தால் நுழைகிற இடத்திலேயே தலை சீவப்பட்டுவிடும். விண்டோஸில் 'மைக் பூஸ்ட்' வேறு 20 டெசிபல் ஏறியிருந்தால் இன்னும் ஒரு பத்து மடங்கு. இந்த நிலையில் திரையில் உள்ள ரெக்கார்டிங் அளவை மட்டும் குறைத்தால், ஏற்கெனவே தட்டையான அலை சின்னத் தட்டையாகும், அவ்வளவுதான். அண்ணன் வாழ்நாளில் தானாக மனமுவந்து இறக்கிப் பார்த்தது அந்த ஒரு தடவை. அதுவும் தப்பான இடத்தில். "எறக்கியும் பாத்துட்டேன்டா, ஒண்ணும் ஆவல" என்று ஆயுள் முழுக்கச் சொல்ல அவருக்குச் சாட்சி கிடைத்துவிட்டது. பத்தாததற்கு அந்தத் துளை பெரும்பாலும் மோனோ. ஸ்டீரியோவில் வலப்பக்கம் வாசித்த கிட்டார்காரர் மிக்ஸுக்கு வந்து சேரவே மாட்டார்.

ஹெட்போனுக்கும் மைக்குக்கும் ஒரே துளை வைத்த லேப்டாப் என்றால் கூத்து இன்னும் ஒரு படி மேலே. சாதாரண ஸ்டீரியோ பின்னைச் செருகினால் அது 'ஏதோ ஹெட்போன்' என்று எடுத்துக்கொண்டு, பதிவுக்குத் தன் மூடியில் இருக்கும் குட்டி மைக்கையே திறந்து வைத்துக்கொள்ளும். அண்ணன் ஒரு மணி நேரம் உயிரைக் கொடுத்து மிக்ஸ் போடுவார். போட்டுக் கேட்டால் பெட்டி முழங்குகிறது, பின்னாலேயே கும்பகோணம் பஸ்ஸின் ஏர் ஹாரன், குக்கரின் மூன்று விசில், கடைசியாக அம்மாவின் குரல்: "டேய், கொழம்பு ஆறுது, வந்து தின்னுட்டுப் போ." அந்த மிக்ஸ் தவறுதலாக ஒரு மினி பஸ்ஸுக்குப் போய்விட்டது. குழம்பு வரும் இடத்தில் பயணிகள் சேர்ந்து குரல் கொடுக்கிறார்களாம்.

இரைச்சல் ஒரு தனி அத்தியாயம். பாட்டே ஓடாதபோதும் 'உம்ம்ம்' என்று ஒன்று கேட்கும். அது பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எரித்து எடுக்கிற மின்சாரத்தின் குரல். விநாடிக்கு 50 தடவை ஆடுவது. லேப்டாப் சார்ஜர் ஒரு பிளக்கில், ஆம்ப்ளிஃபையர் வேறு பிளக்கில் இருந்தால், இரண்டின் எர்த்துக்கும் நடுவே கேபிள் வழியாக ஒரு சுற்று உண்டாகி அது பாட்டுக்குள் கலந்துவிடும். சார்ஜரைப் பிடுங்கியதும் சத்தம் நின்றால் நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது. இரண்டையும் ஒரே பலகையில் செருகலாம், இல்லாவிட்டால் நடுவே சின்ன ஐசோலேட்டர் டிரான்ஸ்ஃபார்மர் போடலாம். அண்ணனின் வைத்தியம் வேறு. மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னைக் கட்டிங் பிளேயரால் நறுக்கிவிடுவார். இரைச்சல் போய்விடும். ஒரு நாள் அண்ணனும் போய்விடக் கூடும். இதை மட்டும் சிரித்துக்கொண்டு எழுத முடியவில்லை. இரும்புப் பெட்டி ஆம்ப்ளிஃபையருக்கு எர்த் என்பது உயிர்க்காப்பு.

மருமகன் இன்னொன்றும் கண்டுபிடித்தான். விண்டோஸ், மைக்கில் வருவது எல்லாமே மனிதர் பேச்சு என்று நினைத்து 'இரைச்சல் நீக்கம்' ஒன்றை இயக்கி வைத்திருந்தது. பேச்சு அல்லாததெல்லாம் அதன் அகராதியில் இரைச்சல். அண்ணன் பார்த்துப் பார்த்துக் கோத்த உறுமி மேளத்தை அது பாதிக்கு மேல் கழுவி ஊற்றியிருந்தது. "எம் பாட்டை இரைச்சல்னு சொல்ல இவன் யாரு?" என்று அன்று முழுக்க அண்ணன் சாப்பிடவில்லை. அந்த வசதியை அணைத்த பிறகுதான் தண்ணீர் குடித்தார்.

நியாயமாக இத்தனை கேபிளே வேண்டியதில்லை. அவர் வாசிப்பது யுஎஸ்பி கன்ட்ரோலரில். பாட்டு இருப்பதும் கலப்பதும் அதே லேப்டாப்புக்குள். மென்பொருளிலேயே ரெக்கார்டு பொத்தான் இருக்கிறது. அமுக்கினால் உள்ளுக்குள்ளேயே பதிந்துவிடும். துளை, 'உம்ம்ம்', பூஸ்ட் எதுவும் குறுக்கே வராது. "வயர் இல்லாம சவுண்டு எப்புட்றா போவும்?" என்பது அண்ணன் வெளியே சொல்லும் ஆட்சேபம். உள்ளே இருப்பது வேறு. பல கன்ட்ரோலர்களில் மைக் நேராக ஆம்ப்ளிஃபையர் பக்கம் போய்விடும், மென்பொருளுக்குள் நுழையாது. அப்படிப் பதிந்தால் பாட்டெல்லாம் கண்ணாடியாக வரும். அண்ணன் தன் பெயரைக் கூவியது மட்டும் இருக்காது. தன் பெயர் இல்லாத சுத்தமான மிக்ஸா, பெயரோடு கரகரக்கும் மிக்ஸா என்று வந்தால் அவர் எதை எடுப்பார் என்று சொல்லத் தேவையில்லை. நாமும் அவ்வளவு யோக்கியமா என்ன?

பாட்டுகளின் பூர்வோத்தரத்தைக் கேட்காமலிருப்பது நல்லது. எங்கிருந்தோ இறக்கிய 128 கேபிபிஎஸ் எம்பி3. அதை ஒரு மென்பொருளில் போட்டு 320 ஆக்கியிருப்பார். கோப்பு இரண்டரை மடங்கு பெருத்திருக்கும். போன தாளம் ஒன்றுகூடத் திரும்பி வந்திருக்காது. "த்ரீ ட்வென்டிடா" என்று சொல்லும்போது அவர் முகத்தில் வரும் பூரிப்புக்காகவே யாரும் அதை விளக்குவதில்லை.

இத்தனைக்கும் வாடிக்கையாளர் தரப்பில் புகாரே இல்லை. டிராக்டர் இன்ஜின் போடும் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்றால் தட்டையாகிக் கரகரக்கும் மிக்ஸ்தான் எடுபடுகிறது. "போன தடவ குடுத்ததுதாண்ணே சூப்பரு, ஆலை கேட்டுலயே எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க" என்று டிரைவர் சொல்லும்போது, அண்ணன் மருமகனைப் பார்க்கும் பார்வையில் மூன்று தலைமுறை இருக்கும்.

சமீபத்தில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். யுஎஸ்பி இன்டர்ஃபேஸ் ஒன்று வாங்கினார்கள். லைன் துளை, ஸ்டீரியோ, மைக்கும் சேர்ந்தே பதியும். நாப்பை மருமகன்தான் தொடுவான் என்பது ஒப்பந்தம். உச்சி ஆறு டெசிபல் கீழே நின்றது. பதிந்ததை ஆடாசிட்டியில் திறந்தால் நீல அலை திரையின் நடுவில், மேலும் கீழும் இடம் விட்டு ஓடியது. கேட்டால் ஒரு பிசிறு கிடையாது. ஜால்ரா தனியாக, உறுமி தனியாக, அண்ணன் பெயர் தனியாக.

"என்னடா நோஞ்சானா இருக்கு? மேல அவ்ளோ எடம் காலியா கெடக்குதே" என்று அண்ணன் மவுஸை வாங்கிக்கொண்டார். 'ஆம்ப்ளிஃபை' என்பது அவருக்குத் தெரிந்த சொல். திறந்தார். ஆறு என்று அதுவாகவே காட்டியது. அழித்துவிட்டு இருபது போட்டார். ஓகே பட்டன் மங்கிப்போய் அமுங்க மறுத்தது.

"அதுக்கு மேல போவாது மாமா. கிளிப் ஆயிடும்னு அதுவே தடுக்குது."

அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெட்டியை மேலிருந்து கீழ்வரை படித்தார். கீழே சின்னதாக ஒரு கட்டம், பக்கத்தில் 'அலவ் கிளிப்பிங்'.

"அலவ்னு போட்டிருக்கான்ல? அவனே பர்மிஷன் குடுத்துட்டான், நீ யாருடா நடுவுல?" என்று டிக் அடித்தார். ஓகே பட்டன் பளிச்சென்று உயிர்பெற்றது.